ஸ்னேக் ஈட்டர் 3டி: நிண்டெண்டோ 3டிஎஸ் பதிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெட்டல் கியர் சாலிட் என்ற வீடியோ கேம் வரிசையின் மூன்றாம் பாகமான 'ஸ்னேக் ஈட்டர்' 2004 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்கு (பிஎஸ்2) வந்தது. அதையே கொனாமி நிறுவனம் நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் 'மெட்டல் கியர் சாலிட்: ஸ்னேக் ஈட்டர் 3டி'. பழைய 3டிஎஸ் ஒன்று கைக்கு வந்ததும் என்ன ஆடலாம் என்று தேடுபவர்கள் சீக்கிரமே இந்தப் பெயரில் வந்து நிற்பார்கள். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை.

இது எந்த மாதிரி கேம்?

பதுங்கி விளையாடும் கேம். கையில் துப்பாக்கி இருக்கும், ஆனால் சுட்டுக்கொண்டே ஓடினால் அதிக தூரம் போக முடியாது. புல்லில் படுத்துக் கிடந்து, காவலாளி எந்தப் பக்கம் நடக்கிறான், எங்கே நிற்கிறான் என்று பார்த்து, அவன் முதுகைக் காட்டும்போது நகர வேண்டும். அதுதான் ஆட்டம்.

கதை நடப்பது 1964-இல், பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். நேக்கட் ஸ்னேக் என்ற அமெரிக்க வீரன் சோகலோவ் என்ற விஞ்ஞானியை மீட்டுவர சோவியத் காட்டுக்குள் குதிக்கிறான். அவனை வளர்த்து ஆளாக்கிய குரு, தி பாஸ் என்ற பெண், நடுவழியில் எதிரணிக்குப் போய்விடுகிறார். ஒரு வாரம் கழித்து அதே காட்டுக்கு அவனை மறுபடியும் அனுப்புகிறார்கள். இந்த முறை அவன் முடிக்க வேண்டிய வேலைகளில் குருவைக் கொல்வதும் ஒன்று. இதற்கு மேல் கதை சொன்னால் ஆடப்போகிறவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

முதல் இரண்டு பாகங்களை ஆடாமல் இதைத் தொடங்கலாமா?

தாராளமாக. வெளிவந்த வரிசையில் மூன்றாவது என்றாலும், கதையின் காலக்கணக்கில் எல்லாவற்றுக்கும் முந்தையது இதுதான். பின்னால் வரும் பாகங்களில் பெரிய ஆளாக இருக்கும் ஆசிலாட் இதில் மீசை அரும்பும் வயதில், துப்பாக்கியைச் சுழற்றிக் காட்டிப் பந்தா செய்துகொண்டு வருகிறான். முந்தைய பாகங்களை ஆடியவர்களுக்கு அது கூடுதல் சிரிப்பு. ஆடாதவர்களுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

3டிஎஸ் பதிப்பு எப்போது வந்தது?

2010 ஜூன் மாதம் நடந்த ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில், 3டிஎஸ் கருவி அறிமுகமானபோதே, 'தி நேக்கட் சாம்பிள்' என்ற பெயரில் ஒரு மாதிரியைக் காட்டினார்கள். கையில் எடுத்து ஆடுவதற்கான மாதிரி இல்லை, கருவியின் 3டி எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கானது. முழு கேம் வட அமெரிக்காவில் 2012 பிப்ரவரி 21 அன்றும், ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் மார்ச் 8 அன்றும் வெளியானது. கண்ணாடி போடாமல் 3டி பார்க்கலாம் என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி. இலை, கொடி, புல், சேறு என்று அடுக்கடுக்காக இருக்கும் காட்டை விட அதற்குப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று யாரோ சரியாகவே யோசித்திருக்கிறார்கள்.

பிஎஸ்2 பதிப்பிலிருந்து என்ன மாறியிருக்கிறது?

கதை, வசனம், குரல், இடங்கள் எல்லாம் அப்படியே. ஸ்னேக்குக்குப் பேசிய டேவிட் ஹேட்டரின் கரகரப்பான குரல் அப்படியே. அந்த நீண்ட ஏணியும், ஏறும்போது ஒலிக்கும் பாட்டும் அப்படியே. மாறியது எல்லாம் ஆடும் முறையில்தான்.

முதலில் கேமரா. 2004-இல் வந்த மூலப் பதிப்பில் கேமரா மேலிருந்து பார்க்கும், நாம் திருப்ப முடியாது. கட்டடத் தாழ்வாரங்களில் நடந்த முந்தைய பாகங்களுக்கு அது சரியாக இருந்தது. காட்டுக்குள் எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் தவிக்க வேண்டியிருந்தது. அதனால் 2005 இறுதியில் வந்த 'சப்சிஸ்டன்ஸ்' பதிப்பில், ஸ்னேக்கின் முதுகுக்குப் பின்னால் நின்று நாமே சுழற்றும் கேமராவைச் சேர்த்தார்கள். 3டிஎஸ் பதிப்பு அந்த வழியில்தான் போகிறது.

அடுத்தது குனிந்து நடப்பது. மூலப் பதிப்பில் ஸ்னேக் நிற்பான், ஒரே இடத்தில் குத்தவைத்து உட்காருவான், இல்லை வயிற்றால் ஊர்வான். குனிந்தபடி நடக்கத் தெரியாது. இவ்வளவு பெரிய உளவாளிக்கு அது தெரியாதது வேடிக்கைதான். 3டிஎஸ் பதிப்பில் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சின்ன மாற்றம் போலத் தெரியும், ஆனால் ஆட்டத்தின் நடையே இதனால் மாறிவிடுகிறது. ஊர்ந்து கடக்க வேண்டிய இடங்களைப் பாதி நேரத்தில் கடக்கலாம். பழைய பதிப்பை நன்றாக ஆடியவர்களுக்கு முதல் சில பகுதிகள் கொஞ்சம் சுலபமாகவே தோன்றும்.

மூன்றாவது, குறி பார்க்கும் முறை. ஸ்னேக்கின் தோளுக்கு மேலிருந்து குறி பார்த்துச் சுடலாம். எல் பட்டனில் துப்பாக்கியைத் தூக்கி, ஆர் பட்டனில் சுட வேண்டும். பிஎஸ்2-இல் ஒரே பட்டனை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை வைத்துப் பல வேலைகள் நடந்தன. மெதுவாக விட்டால் துப்பாக்கி தாழும், வெடுக்கென்று விட்டால் குண்டு பாயும். எதிரியைப் பிடித்து வைத்திருக்கும்போது கொஞ்சம் பலமாக அழுத்தினால் அவன் கழுத்து அறுபட்டுவிடும். விசாரிக்கப் பிடித்தவனைத் தெரியாமல் கொன்றுவிட்டு விழித்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். 3டிஎஸ் பட்டன்களுக்கு அழுத்தத்தை அளக்கும் வசதி கிடையாது. அதனால் வேறு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, விபத்தும் குறைந்தது.

கீழ்த் திரை எதற்கு?

வரைபடம், ஆயுதம், சாமான்கள், உருமறைப்பு உடை, சாப்பாடு, சிகிச்சை எல்லாம் அந்தத் தொடுதிரையில். மேல் திரையில் காடு மட்டும்.

இந்த போர்ட்டின், அதாவது கருவி மாற்றிய பதிப்பின், சிறந்த முடிவு இதுதான் என்பேன். இந்த கேமில் இடத்துக்கு ஏற்ப உடையும் முகப்பூச்சும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சேற்றில் ஒன்று, புல்லில் ஒன்று, மரத்தடியில் ஒன்று. சுற்றுப்புறத்தோடு எவ்வளவு கலந்திருக்கிறோம் என்பதை ஒரு சதவீத எண் காட்டும். பிஎஸ்2-இல் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி, மெனுவைத் திறந்து, உள்ளே போய், மாற்றி, வெளியே வர வேண்டும். சலித்துப் போய் ஒரே உடையில் முழுக் காட்டையும் கடந்தவர்கள் உண்டு. 3டிஎஸ்ஸில் விரலை வைத்தால் போதும் என்பதால், உருமறைப்பை உண்மையிலேயே பயன்படுத்தத் தோன்றுகிறது.

கன்ட்ரோல் மோசம் என்கிறார்களே?

பாதி உண்மை. முதலில் வந்த 3டிஎஸ்ஸில் இடது கட்டைவிரலுக்கு சர்க்கிள் பேட் என்ற நகரும் வட்டக் குமிழ் ஒன்று மட்டும்தான். வலது பக்கம் ஸ்டிக் இல்லை. அதனால் கேமராவைச் சுழற்றும் வேலையை ஏ, பி, எக்ஸ், ஒய் ஆகிய நான்கு பட்டன்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். குனிவது, படுப்பது போன்ற வேலைகள் இடது பக்கமே இருக்கும் டி-பேடு என்ற கூட்டல் குறி வடிவ பட்டனுக்குப் போய்விட்டன. இடது கட்டைவிரல் ஒன்றுதான், அதற்கு நடக்கவும் வேண்டும், குனியவும் வேண்டும். நின்று நிதானித்துச் செய்தால் பழகிவிடும். எதிரி பார்த்துவிட்டு விசில் அடித்ததும் விரல்கள் குழம்பும்.

இதற்கு மருந்து சர்க்கிள் பேட் புரோ என்ற இணைப்பு. கருவியை அதற்குள் பொருத்தினால் வலது பக்கம் இன்னொரு சர்க்கிள் பேடும், இசட்எல், இசட்ஆர் பட்டன்களும் கிடைக்கும். ஒரு டிரிபிள்-ஏ பேட்டரியில் ஓடும். பார்க்க அழகாக இருக்காது, சட்டைப் பைக்குள்ளும் போகாது. ஆனால் இந்த கேமுக்கு அது கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கருவியே இன்னும் வாங்கவில்லை என்றால் விஷயம் எளிது: 'நியூ' என்ற முன்னொட்டோடு பின்னால் வந்த மாடல்களில் சி-ஸ்டிக் என்ற சின்னக் குமிழ் இருக்கிறது. சர்க்கிள் பேட் புரோவை ஏற்கும் கேம்கள் அதையும் ஏற்கும். பென்சில் முனை ரப்பர் போன்ற அந்தக் குமிழ் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை, ஆனாலும் நான்கு பட்டன்களை விட எவ்வளவோ மேல்.

பிரேம் ரேட் எப்படி?

எல்லோரும் குறை சொல்வது இங்கேதான், நியாயமாகவே. விநாடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம், என்பது இலக்கு. நடைமுறையில் அடிக்கடி 20 பக்கம் இறங்கிவிடுகிறது. பிஎஸ்2 மூலமும் 30-ஐ ஒட்டித்தான் ஓடியது, அதிலும் தடுமாற்றம் உண்டு என்பதை மறந்துவிட்டு ஒப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். அதை வைத்துப் பார்த்தாலும் 3டிஎஸ் பதிப்பு கனமாகத்தான் நகர்கிறது.

ஆனால் இந்தக் குறை எல்லா இடத்திலும் ஒரே அளவு உறுத்துவதில்லை. பதுங்கும்போது தெரியாது, ஓடும்போது தெரியும். புல்லுக்குள் அசையாமல் படுத்துக்கொண்டு இரண்டு காவலாளிகளின் நடையைக் கணக்குப் போடுகிறவருக்கு 20 பிரேம் ஒரு பொருட்டே இல்லை. அதே கேமின் கடைசிப் பகுதியில் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டுத் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு துரத்தி வருபவர்களைச் சுடும் இடம் வருகிறது. அடுத்து ஷாகோஹாட் என்ற ராட்சத வண்டியோடு மோதல். அங்கெல்லாம் படம் திக்கித் திணறும்போது பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். கேமின் பெரும்பகுதி முதல் வகை என்பதால்தான் இந்த போர்ட் தப்பிக்கிறது. இதே கருவியில் இதே வேகத்தில் ஒரு சுடும் கேம் வந்திருந்தால் யாரும் இன்றைக்குப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

நியூ 3டிஎஸ்ஸில் ஆடினால் வேகம் கூடுமா?

கூடாது. அந்தக் கருவியின் கூடுதல் சக்தியைப் பயன்படுத்த அதற்கென்றே எழுதப்பட்ட கேம்களுக்குத்தான் முடியும். இது 2012-இல் வந்தது, நியூ 3டிஎஸ் ஜப்பானில் 2014 அக்டோபரில்தான் வந்தது. சி-ஸ்டிக்கும் நிலையான 3டியும் கிடைக்கும், அவ்வளவுதான்.

3டியைப் போட்டு ஆட வேண்டுமா, அணைத்துவிட்டா?

கதைக் காட்சிகளுக்குப் போடுங்கள். அவை பதிவு செய்த வீடியோ இல்லை, கருவியே அந்தந்தக் கணத்தில் வரைபவை. அதனால் ஆழம் உண்மையாக வருகிறது. தி பாஸோடு கடைசியில் நிற்கும் அந்த வெள்ளைப் பூந்தோட்டத்தைக் கட்டாயம் 3டியில் பாருங்கள். நிஜப் பழைய செய்திப்படத் துண்டுகள் நடுவில் வரும், அவை தட்டையாகத்தான் இருக்கும்.

ஆடும்போது அவரவர் கண்ணைப் பொறுத்தது. முன்னால் இருக்கும் புல்லும் பின்னால் நிற்கும் எதிரியும் தனித்தனியாகத் தெரிவது பதுங்குபவருக்கு நல்ல உதவி. முதல் மாடல் 3டிஎஸ்ஸில் தலை கொஞ்சம் நகர்ந்தாலும் படம் இரண்டாகிவிடும் என்பது வேறு விஷயம்.

பாலத்தில் கருவியைச் சாய்க்கச் சொல்கிறதே, அது என்ன?

தொங்கு பாலம், மரக்கிளை போன்ற இடங்களில் ஸ்னேக் விழாமல் இருக்க, கருவிக்குள் இருக்கும் கைரோ உணரியை வைத்து நாம் சமநிலை பிடிக்க வேண்டும். ஸ்னேக் ஒரு பக்கம் சாய்ந்தால் நாம் மறு பக்கம் சாய்க்க வேண்டும். கருவியைச் சாய்க்கச் சொல்லிவிட்டு, சாய்த்தால் உடைந்துபோகும் 3டியையும் கொடுத்திருப்பதை என்ன சொல்ல! அந்த இடங்களில் 3டியை அணைத்துவிடுங்கள். பேருந்தில் உட்கார்ந்து ஆடுபவர்கள் அடுத்த நிறுத்தம் வரை பொறுத்திருந்து பாலத்தைக் கடப்பது உத்தமம்.

போட்டோ எடுத்து உடை செய்யலாமாமே?

செய்யலாம். 3டிஎஸ் கேமராவில் எதையாவது படம் எடுத்தால், அதன் நிறங்களை வைத்து ஓர் உருமறைப்பு உடையை கேம் செய்துதரும். பச்சை இலையைக் கிட்டத்தில் எடுத்தால் காட்டுக்கு ஓரளவு உதவும். தரை விரிப்பு, கட்டம் போட்ட லுங்கி, இரவுச் சாப்பாடு எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். ஆட்டத்துக்குப் பெரிய பலன் இல்லை. சிரிக்க நன்றாக இருக்கும்.

தவளை பொம்மைகள் எங்கே போயின?

காட்டில் ஆங்காங்கே ஒளித்து வைத்திருந்த கெரோட்டான் தவளைகளைத்தானே கேட்கிறீர்கள்? அவற்றின் இடத்தில், நிண்டெண்டோவின் மரியோ கேம்களில் வரும் யோஷி என்ற டைனோசரின் பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன. சுட்டால் யோஷியின் குரலிலேயே கத்தும். இதற்கு முன்னுதாரணம் உண்டு: 2004-இல் கேம்கியூபுக்கு வந்த 'தி ட்வின் ஸ்னேக்ஸ்' கேமிலும் மரியோ, யோஷி பொம்மைகள் மேசை மேல் இருந்தன.

எதையெல்லாம் விட்டுவிட்டார்கள்?

பிஎஸ்2-இல் இருந்த, குரங்கு பிடிக்கும் துணை ஆட்டமான 'ஸ்னேக் வெர்சஸ் மங்கி' இல்லை. அந்தக் குரங்குகள் பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனியின் சொத்து என்பதால் நிண்டெண்டோ கருவியில் எதிர்பார்க்கவும் முடியாது. சப்சிஸ்டன்ஸில் இருந்த ஆன்லைன் ஆட்டமும் இல்லை. கதைக்காக வருபவருக்கு இரண்டுமே பெரிய இழப்பில்லை. குரங்குகளுக்காகக் கொஞ்சம் வருத்தப்படலாம்.

புதிதாகத் தொடங்குகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

எம்கே22 என்ற மயக்க ஊசித் துப்பாக்கிதான் உங்கள் உயிர்த்தோழன். தலையில் பட்டால் எதிரி உடனே சாய்வான், உடம்பில் பட்டால் கொஞ்ச நேரம் ஆகும். அதன் சத்தம் அடக்கும் குழாய் தேய்ந்துகொண்டே வரும், கண்டபடி சுட்டுத் தீர்க்காதீர்கள்.

சாப்பாட்டைத் தேடிக்கொண்டே இருங்கள். பாம்பு, மீன், பழம், காளான் எல்லாம் பைக்குள் போகும். எல்லாம் வயிற்றுக்குச் சரிப்படாது, எது எப்படி என்று ரேடியோவில் உதவிக்கு இருக்கும் பாரா-மெடிக் என்ற பெண்ணைக் கேட்டால் சொல்வார். சேவ் செய்யவும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பழைய சினிமாக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அவசரமில்லாதபோது கேளுங்கள், சுவாரசியமாக இருக்கும். பைக்குள் இருக்கும் இறைச்சி நாளாக ஆகக் கெட்டுப்போகும். கெட்டதையும் தூக்கிப் போட வேண்டாம்: பசியோடு இருக்கும் காவலாளி பக்கம் எறிந்தால், அவன் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வான்.

பெரிய எதிரிகளை உயிர்ப் பட்டை தீரும்வரை சுடாமல், மயக்க ஊசியால் அவர்களின் தெம்புப் பட்டையைத் தீர்த்து வீழ்த்தப் பாருங்கள். நேரம் அதிகமாகும், ஆனால் பரிசாக அவர்களின் சிறப்பு உடைகள் கிடைக்கும். வழியில் எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்பதற்கும் ஓர் ஆற்றங்கரையில் கணக்குக் கேட்கப்படும். முதன்முறை ஆடும்போது அதற்கு மேல் தெரிய வேண்டாம்.

தி எண்ட் என்ற கிழவரிடம் மாட்டிக்கொண்டேன். என்ன செய்வது?

நூறு வயதைத் தாண்டிய அந்தக் குறிபார்த்துச் சுடும் வீரரோடு நடக்கும் சண்டைதான் இந்த கேமின் உச்சம். மூன்று பெரிய வனப்பகுதிகளில் அவர் எங்கே வேண்டுமானாலும் படுத்திருப்பார். வெப்பம் காட்டும் கண்ணாடியைப் போட்டால் அவருடைய காலடித் தடங்கள் தெரியும். திசை ஒலிவாங்கியை நீட்டினால் அவர் மூச்சுவிடுவதும் குறட்டை விடுவதும்கூடக் கேட்கும். தடத்தைப் பிடித்துப் பின்னாலேயே போய் முதுகில் துப்பாக்கியை நீட்டுவதுதான் மிகச் சுகமான வழி. அப்படிப் பிடித்தால் பாசி நிற உடை கிடைக்கும், தெம்பைத் தீர்த்து வீழ்த்தினால் அவருடைய மயக்கத் துப்பாக்கி கிடைக்கும். சின்னத் திரையில் தூரத்தில் படுத்திருப்பவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். இங்கே 3டி கொஞ்சம் கைகொடுக்கும்.

பொறுமை இல்லாதவர்களுக்குக் குறுக்கு வழி ஒன்றும் உண்டு. அதற்கு முன்பே, போனிசோவ்யே கிடங்கு வாசலில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்போதே தூரத்திலிருந்து சுட்டுவிட்டால் பின்னால் அந்தச் சண்டையே வராது, சாதாரண வீரர்கள்தான் வருவார்கள். முதல் தடவை இப்படிச் செய்யாதீர்கள். அவ்வளவு நல்ல சாப்பாட்டை இலையோடு மூடிவிட்டு எழுந்து போகலாமா?

இப்போது எங்கே கிடைக்கும்?

டிஜிட்டலாக வாங்க வழியில்லை. உள்ளே வரும் வரலாற்றுச் செய்திப்படத் துண்டுகளின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததால், 2021 நவம்பரில் இரண்டாம், மூன்றாம் பாகங்களைப் பல டிஜிட்டல் கடைகளிலிருந்து கொனாமி தற்காலிகமாக எடுத்தது. இந்த 3டிஎஸ் பதிப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2023 மார்ச் 27-உடன் 3டிஎஸ்ஸின் இணையக் கடையான இ-ஷாப்பில் எதையும் வாங்கும் வசதியே நின்றுபோனது. ஆக, பழைய கேம் கார்டுதான் ஒரே வழி.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 3டிஎஸ் பிராந்தியப் பூட்டு உள்ள கருவி. ஜப்பான் கார்டு அமெரிக்கக் கருவியில் ஓடாது, அமெரிக்கக் கார்டு ஐரோப்பியக் கருவியில் ஓடாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்பவர்கள் முதலில் தங்கள் கருவி எந்தப் பிராந்தியத்தைச் சேர்ந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சிறுவர்களுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல் என்று தரச்சான்று பெற்ற கேம். சித்திரவதைக் காட்சியும் உண்டு. கருவி நிண்டெண்டோ என்பதாலும், உள்ளே யோஷி இருப்பதாலும் ஏமாந்துவிட வேண்டாம்.

இதே கேமின் மற்ற பதிப்புகள் இருக்கும்போது இதை ஏன் ஆட வேண்டும்?

கையில் 3டிஎஸ் இல்லை என்றால் ஆட வேண்டியதில்லை. இதற்காகத் தனியாகக் கருவி வாங்குவது வீண் செலவு.

2011-இல் பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த எச்டி தொகுப்பில் இதே கேம் 60 பிரேமில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. 2012-இல் பிஎஸ் வீட்டாவுக்கும் அந்தத் தொகுப்பு வந்தது, கையடக்கக் கருவியில் இரண்டு ஸ்டிக்குகளோடு ஆட நல்ல வழி. 2023 அக்டோபரில் பழைய பாகங்களைத் தொகுத்து வந்த மாஸ்டர் கலெக்‌ஷன் இன்றைய கருவிகளில் சுலபமாகக் கிடைக்கிறது, நிண்டெண்டோ ஸ்விட்சில் மட்டும் 30 பிரேம். 2025 ஆகஸ்ட் 28 அன்று வந்த 'டெல்டா' இதே கேம், அன்ரியல் என்ஜின் 5 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் புதிதாகச் செய்யப்பட்டது, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கணினி ஆகியவற்றுக்கு. முதல்முறை ஆடுபவருக்கு மாஸ்டர் கலெக்‌ஷனையோ டெல்டாவையோ சொல்வேன்.

கையில் ஏற்கெனவே 3டிஎஸ் இருக்கிறது, கார்டும் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். எச்டி தொகுப்பு அழகாக ஓடினாலும் அதில் ஸ்னேக்குக்குக் குனிந்து நடக்கத் தெரியாது. உடை மாற்ற விரலை நீட்டினால் போதும் என்ற வசதியும் மாஸ்டர் கலெக்‌ஷனில் இல்லை. முடித்துவிட்டு மறுபடி ஆடும்போது கடினமான நிலையைத் தேர்ந்தெடுங்கள், குனிந்து நடப்பதால் வந்த சுலபம் அதில் சரியாகிவிடும்.